மேல்வீட்டுக் குழந்தை மீதான புகாரைத் திரும்பப் பெறுதல்

மதிப்பிற்குரிய வீட்டுக்கார ஐயா அவர்களுக்கு,

கீழ்வீட்டில் குடியிருக்கும் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் வீட்டம்மாவும் நலமா? நான் நலம். முந்தைய கடிதங்களில் இதை மரியாதைக்காக எழுதினேன். இந்த முறை உண்மையாகவே நலம்.

மேல்வீட்டுக் குழந்தை விடிந்ததிலிருந்து என் தலைமேல் குதிக்கிறது என்று நான் எழுதிய புகார்களை நம்பி, மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யும்படி தாங்கள் அவர்களிடம் சொல்லிவிட்டதாக அறிந்தேன். தயவுசெய்து அதைத் திரும்பப் பெறுங்கள். காரணம் என் குடல்.

என் பெருங்குடலில் புண் இருப்பது தங்களுக்குத் தெரியாது. சொல்லிக்கொள்கிற சங்கதியா அது? வயிறு கூப்பிட்டால் அந்த நொடியே ஓட வேண்டும், போனால் ரத்தம். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் பாடு எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெட்ரோல் பங்க், நூலகம், பேருந்து நிலையம், மறுபடி பெட்ரோல் பங்க் என்று கழிப்பறை உள்ள இடங்களையே சுற்றிச் சுற்றி வண்டியை விடச் சொன்னேன். என்னிடம் பழகியவர்கள் சட்டென்று ஓரங்கட்டி நிறுத்துவதில் கெட்டிக்காரர்கள். நேர் ரோட்டில் விட்டால் திண்டாடுவார்கள். லைசென்ஸ் தேர்வில் அதிகாரி நேராகப் போகச் சொல்ல, என் மாணவி ஒருத்தி பழக்கதோஷத்தில் நூலகத்துக்குள் வண்டியைத் திருப்பி, "நீங்க போயிட்டு வாங்க சார், நான் வெயிட் பண்றேன்" என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

மாத்திரைகள் கைவிட, குடலை வெட்டி எடுப்பதா என்ற பேச்சு வந்தபோதுதான் என் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சோதனைச் சிகிச்சைக்கு என்னை இழுத்துப்போனாள். ஸ்டெம் செல்லிலிருந்து எடுத்த சத்தை ஒரு ஜெல்லில் கலந்து, புண்ணிலேயே போய் ஒட்டும்படி வைக்கிறார்கள். எந்த வழியாக என்று தாங்கள் கேட்க வேண்டாம், நானும் எழுதப்போவதில்லை. இடப்பக்கம் ஒருக்களித்து, மானம் ரோஷத்தையெல்லாம் செருப்போடு வெளியே விட்டுவிட்டுப் படுத்திருந்தபோது, இது எதில் செய்தது என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியில் எடுத்த செல், எந்தக் குழந்தை என்று ஆஸ்பத்திரிக்காரர்களுக்கே தெரியாது என்றார்.

வாரங்கள் போகப் போக ரத்தம் நின்றது. இந்த மருந்து எல்லோருக்கும் கேட்குமா என்று இப்போதே சொல்ல முடியாது என்கிறார் டாக்டர், எனக்குக் கேட்டுவிட்டது. போன வாரம், ஓட்டப் பழக வந்த பல் டாக்டரைப் பைபாஸில் நேராகப் போகச் சொன்னேன். பெட்ரோல் பங்க்கை நிற்காமல் தாண்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. தான் ஓட்டுகிற லட்சணத்தைப் பார்த்துத்தான் அழுகிறேன் என்று நினைத்து அவர் பாவம், வண்டியை நிறுத்திவிட்டார்.

அதிலிருந்து எந்தக் குழந்தையைப் பார்த்தாலும், இதுவாக இருக்குமோ என்று எனக்கு மரியாதை வந்துவிடுகிறது. மேல்வீட்டுக் குழந்தையும் அதே ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது என்று மனைவி சொன்னதும் தூக்கிவாரிப்போட்டது. மாடியேறிப் போனேன். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து குழந்தையின் அம்மா அதைச் சட்டென்று தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வீடு முழுக்கப் பாதி கட்டிய அட்டைப் பெட்டிகள். பிரசவத்தின்போது தொப்புள்கொடியைத் தானம் கொடுத்தாயா அம்மா என்று கேட்டேன்.

"ஏதோ பேப்பர்ல கையெழுத்து போட்டேன் அங்கிள். வலியில எதுக்குன்னு பாக்கல."

எனக்கு அது போதும். என் குடலைக் காப்பாற்றிய குழந்தையை நான் தெருவில் நிறுத்துவேனா? எங்கேயும் போகாதே, நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். குதிக்கட்டும் ஐயா. கூரைப்பூச்சு உதிர்ந்தால் நானே பூசிக்கொள்கிறேன்.

தங்கள் வீட்டில் ஒருவர் வயிறும் ஒருநாளும் அவரை அவசரமாகக் கூப்பிடாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நன்றி மறவாத
கீழ்வீட்டு வாத்தியார்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்குமுன் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். நர்ஸம்மா தலையைச் சொறிந்தபடி, "தொப்புள்கொடி பக்கத்து பெட்காரருக்கு ஐயா, நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். உங்களுக்கு வச்சது ஒரு பெரியவரோட தொப்பைக் கொழுப்புல எடுத்த செல்லு" என்றார். ஆகவே மேலே எழுதிய காரணம் அத்தனையும் தப்பு. மாடியில் குதிப்பது இப்போதும் நடக்கிறது, தலை வலிக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான், அவர்கள் இருக்கட்டும். தண்ணீர் மோட்டாரைப் பழுது பார்க்காததற்காகத் தங்கள்மேல் எழுதி வைத்திருந்த புகாரையும் கிழித்துப் போட்டுவிட்டேன். ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: தாங்கள் எப்போதாவது தொப்பைக் கொழுப்பைத் தானம் செய்ததுண்டா?