கத்தல் டீச்சரும் இரவல் நாற்காலியும்

அஞ்சாங்கிளாஸோடு நின்றவள் நான். எழுத்து கோணலாக இருக்கும், பாதி மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று நிச்சயம். கத்தல் டீச்சர் விழுப்புரம் கோர்ட்டில் வாயைத் திறந்தால் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான்.

காலேஜில் சட்டம் சொல்லிக்கொடுத்து ரிட்டையர் ஆனவர். எங்களை மாதிரி இருளர் சனங்களுக்கு வழக்கு நடத்துவார். மேலே வக்கீல் கோட்டு, காலில் ரப்பர் செருப்பு, கையில் வறுத்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை. கோபம் வந்தால் மல்லாட்டையைத் தோலோடு மெல்லுவார். அந்தச் சத்தம் கேட்டால் யாருக்கோ அன்றைக்குக் கெட்ட நேரம்.

என் தம்பி மகள் வள்ளிக்கு நர்சிங் சீட்டு கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் பழங்குடி என்று சாதிச் சான்றிதழ் காட்டாவிட்டால் சீட்டு போய்விடும். டீச்சரைக் கூட்டிக்கொண்டு போனோம். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். ஆபீசர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இருளர்ன்ற, எலி புடிப்பியா?"

வள்ளி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு எலியைக் கண்டாலே அலறல்.

டீச்சர் தோலோடு மென்றார். "சார், உங்க அப்பா இன்னா வேலை?"

"விவசாயம்."

"அப்போ இங்கயே ஏர் ஓட்டிக் காட்டுங்க. உங்க சாதிய நான் நம்புறேன்."

வரிசையில் நின்ற சனம் சிரித்தது. ஆபீசர் முகம் கறுத்தது. "வீட்டாண்ட வந்து பாக்குறேன்" என்றார்.

அங்கேதான் நாங்கள் தப்பு செய்தோம். பெரிய மனுஷர் வருகிறாரே என்று மேஸ்திரி வீட்டிலிருந்து நாற்காலி, சர்ச்சிலிருந்து ஃபேன். என் மேலே எவளோ ஒருத்தியின் பட்டுப்புடவை. ஆபீசர் காற்று வாங்கிக்கொண்டு, கொடுத்த கலர் சோடாவைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு கேட்டார்:

"இவ்ளோ வசதியா கீறீங்க, நீங்க எப்படிம்மா இருளரு?"

எல்லாம் இரவல் என்று சொல்ல எனக்குக் கூச்சம்.

அப்போதுதான் டீச்சர் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். முதல் கத்தல் எனக்கு. "இன்னாக்கா இது? ஃபேனு யாரு கேட்டது?" அடுத்து ஆபீசர் பக்கம் திரும்பினார்.

"எழுந்திருங்க சார்! நீங்க உக்காரத்தான் இந்த நாற்காலிய இரவல் வாங்கினாங்க. இவங்க ஒரு நாளும் அதுல உக்காந்ததில்ல. ‘நாற்காலி போட்டாங்க, கலரு குடுத்தாங்க, அதனால பழங்குடி இல்ல’ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. கோர்ட்டுல நான் படிச்சிக் காட்டுறேன்."

ஆபீசர் எழுந்துவிட்டார். எழுதத்தான் இல்லை. வியாழக்கிழமை சான்றிதழ் வந்தது.

வள்ளி இப்போது நர்ஸ். கிழமை, பேச்சு எதுவும் தப்பாக இருந்தால் அவளைக் கேட்டு யாராவது திருத்திவிடுங்கள். டீச்சரின் கோபத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள். எங்களுக்காக வேறு யாரும் அவ்வளவு கோபப்பட்டதில்லை.