பிரேக்கண்ணனின் சைக்கிளில் நெடுந்தீவு

இலங்கையிலேயே சைக்கிளை மிதிக்காமல் ஓட்டிய ஒரே மனிதர் எங்கள் பிரேக்கண்ணன்தான். சத்தியமாகச் சொல்கிறேன், நம்புங்கள்.

கண்டி டவுனில் நான் வேலை பார்த்த ஹார்ட்வெயார் கடையில் அவர் ஸ்டோர் பொறுப்பாளர். வீடு அம்பிட்டிய மேட்டின் உச்சியில். காலையில் வாசலில் சைக்கிளில் ஏறினால், இரண்டு கையாலும் பிரேக்கை அழுத்தியபடி, வெள்ளைச் சட்டை படபடக்க, நேரே கடை வாசலில் வந்து நிற்பார். ஆள் வருமுன்பே பிரேக் கிறீச்சிடும் சத்தம் வந்துவிடும். மாலையில் அதே சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மேடேறுவார். இதில் மிதிக்க எங்கே வேலை? ஆனாலும் வாய் மட்டும் குறையாது.

"கண்டி ரோட்டுல சைக்கிள் ஓட்டுறவன், உலகத்துல எங்கயும் ஓட்டுவான் தம்பி!"

ஒருமுறை கடை லொறி சரக்கோடு யாழ்ப்பாணம் போனபோது நாங்கள் இருவரும் தொற்றிக்கொண்டோம். பகலில் நெடுந்தீவைச் சைக்கிளில் சுற்றிவிட்டு, மாலை அதே லொறியில் திரும்புவது அவருடைய திட்டம். ஆனால் மறுநாள் காலை கண்டிக்குப் பக்கத்தில் ஹேவாஹெட்டயில் எனக்குப் பெண் பார்க்கும் வைபவம். முதல் தடவை மண்சரிவால் போகவில்லை, அடுத்த தடவை டெங்குக் காய்ச்சல். இந்த முறையும் வராவிட்டால் வேறு மாப்பிள்ளை பார்ப்பதாகப் பெண்ணின் அம்மா சொல்லியனுப்பிவிட்டார். போட்டோவில் பார்த்த நாளிலிருந்தே எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பவும் பிடித்துப்போயிருந்தது.

"கடைசிப் படக விட்டா என் கல்யாணம் போச்சுண்ணே."

"நான் இருக்கேன்ல? பயப்படாதீங்க."

குறிகட்டுவான் துறையில், லொறியில் கொண்டுவந்த அவருடைய சைக்கிளையும் படகில் ஏற்றினோம். கடலுக்குள் போனதும் திரும்பிப் பார்க்கிறேன், மனிதர் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"என்னண்ணே இது?"

"படகு அலையில ஏறி இறங்குதுல்ல? எறக்கத்துல பிரேக்கிலேருந்து கைய எடுக்கக்கூடாது தம்பி."

படகோட்டி தலையில் அடித்துக்கொண்டார்.

நெடுந்தீவு என்றால் கல், கல்வேலி, காட்டுக் குதிரை, கொளுத்தும் வெயில். மேடு என்று சொல்ல ஓர் எறும்புப் புற்றுகூடக் கிடையாது. நான் இறங்குதுறையில் ஒரு வாடகைச் சைக்கிள் எடுத்தேன். பிரேக்கண்ணன் தன்னுடையதில் கம்பீரமாக ஏறி மிதித்தார். பெடல் காற்றாடியாகச் சுற்றியது. சைக்கிள் நகராமல் அப்படியே சாய்ந்தது. குனிந்து செயின் கவருக்குள் பார்த்தேன். உள்ளே செயினே இல்லை!

"செயின் எங்கண்ணே?"

"களிசான்ல எண்ணெ படுதுன்னு எப்பவோ கழட்டிட்டேன். இதுவரைக்கும் தேவப்படலியே!"

அவர் தள்ள, நான் மிதிக்க, ஒருவழியாகத் தீவின் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே குதிரையோடு படம் எடுக்கப்போய், கல்லில் கால் மடங்கி விழுந்தேன். கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியது. கடைசிப் படகுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ரோட்டில் ஒரு வாகனமும் இல்லை.

"என் சைக்கிள நீங்க மிதிங்கண்ணே, நான் பின்னால உக்காந்துக்கிறேன்."

"மிதிச்சு எத்தனையோ வருஷமாச்சே தம்பி. இருங்க, ஓட்டிப் பாத்துக்கிறேன்."

நாலு மிதி மிதித்தார். நேரே கல்வேலி. முன்சக்கரம் முறுக்காக வளைந்துவிட்டது. அவ்வளவுதான், கல்யாணம் காலி என்று ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் அந்தச் சைக்கிளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்து, களிசானை முழங்கால் வரை மடித்தார்.

"என் சைக்கிள்ல ஏறுங்க. பிரேக்க மட்டும் நீங்க பாத்துக்கங்க."

சீட்டைப் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளத் தொடங்கினார் பாருங்கள், அம்மாடி! தினமும் அம்பிட்டிய மேட்டில் சைக்கிள் தள்ளி வைரம் பாய்ந்த உடம்பு. சைக்கிள் பறந்தது. குதிரைகள்கூட ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தன. இறங்குதுறையில் படகோட்டி கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"கெதியா வாங்கோ! உங்களுக்காண்டி எவ்வளவு நேரம் நிக்கிறது?"

"பிரேக்கப் புடிங்க தம்பி!" என்று பின்னாலிருந்து அலறல்.

பிடித்தேன். முன்சக்கரம் இறங்குதுறையின் விளிம்பில் வந்து நின்றது. அந்தப் பிரேக் மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தால் கடலுக்குள்தான் நான் பெண் பார்த்திருப்பேன்.

படகில் மூச்சு வாங்க உட்கார்ந்தவர், என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "மேடா இருந்தா இன்னும் வேகமா தள்ளியிருப்பேன் தம்பி. சமதரையில நமக்குப் பழக்கமில்ல."

மறுநாள் ஹேவாஹெட்டக்கு நொண்டிக்கொண்டே போனேன். துணைக்கு அவரும் வந்தார்.

"மாப்பிள்ளைக்குக் கால் எப்பவுமே இப்படித்தானுங்களா?" என்று பெண்ணின் அம்மா மெதுவாகக் கேட்டார்.

"நேத்துக் காலையில நல்லாத்தான் இருந்திச்சுங்க. என்கூட வந்துதான் இப்படி ஆயிருச்சு" என்றார் பிரேக்கண்ணன். உள்ளேயிருந்து பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்போடு கல்யாணம் நிச்சயமானது.

இப்போது என்னிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. மாலையில் அம்பிட்டிய மேட்டில் அந்த வெள்ளைச் சட்டையைக் கண்டால், என்ஜினை நிறுத்தி இறங்கிவிடுவேன். என் வண்டியைத் தள்ளிக்கொண்டே அவர் வீடு வரைக்கும் கூடவே நடப்பேன்.

"இன்னைக்கும் வண்டி பழுதாப்போச்சா தம்பி?" என்பார்.

"ஆமாண்ணே" என்பேன்.