முள்சட்டையும் முப்பது நாள் விதியும்

ஒரு காட்டில், பல மழைக்காலங்களுக்கு முன்னால், ஒரு விடிகாலையில், ‘சரக்… சரக்… சரக்…’ என்று ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த மூங்கில் இலைகளை யாரோ பொறுமையாகப் புரட்டுவது போன்ற சத்தம். பூளை என்ற முயல்குட்டியும் அவள் தங்கை நொச்சியும் அப்போது ஒரு முள்ளடர்ந்த காரைப் புதருக்குள் இருந்தார்கள். அம்மா ஒருத்தியை இடப்பக்கமும் மற்றவளை வலப்பக்கமும் தள்ளிவிட்டாள். நொச்சி ஓடிய ஓட்டத்தில் ஆற்றைத் தாண்டி அக்கரைக்கே போய்விட்டாள். பூளை இக்கரையில் தங்கினாள். அம்மா எந்தப் பக்கமும் ஓடவில்லை.

அது முள்சட்டையின் சத்தம். முயல் காரைப் புதருக்குள் புகுந்துவிட்டால் எந்த மிருகமும் பின்னால் வராது, தோல் கிழிந்துவிடும். முள்ளம்பன்றியின் முள்ளை வரிசையாகக் கோத்த சட்டையைப் போட்டுக்கொண்டால் மட்டும் வரலாம். அன்று அதைப் போட்டிருந்தவை கழுதைப்புலிகள். அப்போது கழுதைப்புலிகள் காட்டின் நெருங்கிய நண்பர்கள்.

பூளை வளர்ந்து காட்டுச் சபையில் உறுப்பினரானாள். சபை உறுப்பினரைத் தின்னக் கூடாது என்பது மரபு. முன்னாள் உறுப்பினரைப் பற்றி மரபில் ஒரு வரியும் இல்லை. ஆகவே எல்லோரும் பொதுச்சேவையில் தணியாத ஆர்வத்தோடு இருந்தார்கள்.

நட்புக் காடுகளுக்குப் போர்த்தளவாடம் விற்பதை மேற்பார்வையிட ஒரு குழு இருந்தது. பூளையோடு சேர்த்து ஒன்பது பேர். விதி எளிது. விற்பனையைக் குழுவுக்கு அறிவிக்க வேண்டும். முப்பது நாளுக்குள் குழு எதிர்க்காவிட்டால் சம்மதம் என்று பொருள். அறிவிப்பைக் கொண்டுவரும் பொறுப்பு ஆமைக்கு. இருபத்தொன்பது நாள் ஆமையின் முதுகிலேயே கழிந்துவிடும்.

அந்த ஆண்டு வந்த அறிவிப்பில், அக்கரைச் செந்நாய்களுக்கு நூறு முள்சட்டை என்று இருந்தது. செந்நாய்களுக்கும் இக்கரையை ஆளும் புலிராஜாவுக்கும் ஒரே சிறுத்தையைப் பிடிக்காது. ஆகவே இப்போது அவர்கள்தான் நண்பர்கள்.

பூளையின் காது இரண்டும் விறைத்து நின்றன. நொச்சி அக்கரையில், அதே செந்நாய்களின் குகைக்கு எதிரில்தான் காரைப் புதரில் குடியிருந்தாள். குட்டி போடும் மாதம் வேறு.

அவள் அறிவிப்பை முதல் இலையிலிருந்து கடைசி இலை வரை படித்தாள். குழுவின் வரலாற்றில் யாரும் செய்யாத காரியம். பக்கத்து இருக்கைக் குரங்கு பயந்துபோய், “உடம்புக்கு ஏதாவது பண்ணுதா பூளையம்மா?” என்று கேட்டது.

மறுநாள், அதாவது முப்பதாம் நாள், குழு கூடியது. சட்டை வியாபாரி முள்ளம்பன்றி, பெயர் ஈட்டியப்பர், பலாச்சுளைக் கூடையோடு வந்து எல்லோரையும் நலம் விசாரித்தார்.

“இந்தச் சட்டை எதற்கு அண்ணாச்சி?” என்று பூளை கேட்டாள்.

“தற்காப்புக்கு மட்டும் அம்மா. எழுதியே வாங்கியிருக்கேன்.”

“யாரிடமிருந்து தற்காப்பு?”

“அக்கரையில் முயல்கள் இருக்காமே.”

“முயல் என்ன செய்யும்?”

“திடீர் திடீர்னு ஓடுதாம். பார்க்கிற செந்நாய்க்கு நெஞ்சு படபடங்குதாம். பாவம், உணர்ச்சிவசப்படற ஜாதி.”

தலைவர் கரடியார் கொட்டாவியை முடித்துக்கொண்டு, “எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கலாம்” என்றார். பூளை எழுந்து நின்றாள். கரடியார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “உறுப்பினர் பூளை நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா? உயரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. நிற்பதாக இருந்தால் எழுதிக் கொடுக்கவும்.”

அவள் எழுதிக் கொடுத்தாள். குரங்கு நெளிந்தது. “என் தொகுதியில் இருநூறு குரங்கு முள் பொறுக்கித்தான் பிழைக்குது. என்னால் எதிர்க்க முடியாதும்மா.” மயில், சட்டை தனக்கு எந்த நிறத்தில் கிடைக்கும் என்று விசாரித்தது. எட்டுக்கு ஒன்று என்று விற்பனை நிறைவேறியது. எல்லோரும் பலாச்சுளையைத் தேடிக் கலைந்தார்கள்.

பூளை மட்டும் போகவில்லை. ஏனென்றால் ஆமையின் முதுகில் இரண்டாவது அறிவிப்பு ஒன்றும் இருந்தது. சட்டையை அணியும் முறை பற்றிய குறிப்பு, ஒரே ஓர் இலை. விதிப்படி அதுவும் போர்த்தளவாடம். அதற்குத் தனி அனுமதி வேண்டும். அதையும் அவள் படித்திருந்தாள்.

‘சுமக்கும் குரங்குகளைக் குத்தாதிருக்க, சட்டைகள் முள் உட்பக்கம் இருக்குமாறு புரட்டி அனுப்பப்படுகின்றன. அணியும் முன் வெளிப்பக்கமாகத் திருப்பவும். முடிச்சு இறுகினால் அவிழ்க்கும் முறை கீழே.’

“தலைவரே, இரண்டாவது பொருள். இந்தக் குறிப்பை நான் எதிர்க்கிறேன்.”

கரடியார் இருக்கையிலேயே தூங்கிவிட்டிருந்தார். கூட்டத்துக்கு இரண்டு பேர் போதும் என்பது விதி. தலைவர் தூங்கலாம் என்பதும் விதி. ஒன்றுக்குப் பூஜ்யம். குறிப்பு, ஆழ்ந்த பரிசீலனைக்காகக் குழுவின் பொந்துக்குள் போனது.

சட்டைகள் அக்கரை போய்ச் சேர்ந்தன. செந்நாய்த் தளபதி தடவிப் பார்த்தார். “வெளியே என்ன வழவழப்பு! உயர்ந்த சரக்கு.” நூறு பேரும் தலையை நுழைத்தார்கள்.

“தளபதி, உள்ளே குத்துது.”

“புதுச் செருப்பு கடிக்காதா? போகப் போகச் சரியாகிவிடும். முடிச்சை இழுத்துக் கட்டு!”

கட்டினார்கள். அடுத்த கணம் நூறு செந்நாய்கள் நான்கு காலும் தரையில் படாமல் குதித்தன. ஒன்றன் மேல் ஒன்று விழுந்தன, விழுந்ததில் இன்னும் குத்தியது, இன்னும் குதித்தன. காரைப் புதரைக் கடந்து, மலையை மூன்று சுற்றுச் சுற்றி, மொத்தப் படையும் ஆற்றுக்குள் பாய்ந்தது. புதருக்குள்ளிருந்து நொச்சி, என்ன திருவிழா என்று எட்டிப் பார்த்தாள்.

தண்ணீருக்குள்ளிருந்து தளபதி இக்கரையைப் பார்த்து அலறினார். “யோவ் ஈட்டியப்பா! இதை எப்படிய்யா கழற்றுறது?”

“குறிப்பில் இருக்குங்க.”

“குறிப்பு எங்கேய்யா?”

“சபையில் இருக்குங்க.”

“அங்கே என்ன பண்ணுது?”

“பரிசீலனையில் இருக்குங்க.”

கரையில் நின்ற புலிராஜா கண் கலங்கினார். “நம் சட்டை போட்ட படை எவ்வளவு வேகமாக ஓடியது பார்த்தீர்களா! இதுவல்லவோ நட்பு.” சபை பாராட்டுத் தீர்மானம் போட்டது. கௌரவம் விட்டுப்போகக் கூடாதென்று செந்நாய்கள், காயம் ஆறுவதற்குள், இன்னும் ஐந்நூறு சட்டைக்குச் சொல்லி அனுப்பின.

இந்த முறை முதலில் எழுந்து ஆதரித்தவள் பூளை. “ஐந்நூறு எதற்கு? ஆயிரமாக அனுப்புங்கள்” என்றாள். “குறிப்பை மட்டும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடக் கூடாது. சபையின் மேற்பார்வை என்று ஒன்று இருக்கிறதல்லவா?”

குழு கை தட்டியது. கரடியார், “இவ்வளவு பொறுப்பான உறுப்பினரை நான் பார்த்ததில்லை” என்று நாலாபக்கமும் தேடினார். “நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா?”

சபைத் தேர்தலில் பூளை இன்னும் இரண்டு முறை ஜெயித்தாள். மூன்றாம் முறை, தொகுதி மாறி நின்ற மயிலிடம் தோற்று, முடிவு வந்த காலையிலேயே ஆற்றைத் தாண்டித் தங்கையின் புதருக்குப் போய்விட்டாள். அந்த முதல் ஆண்டு ஐப்பசியில் நொச்சிக்கு மூன்று குட்டிகள் பிறந்தன. மூன்றும் பிழைத்தன.

நீதி (சபையின் பரிசீலனைக்கு உட்பட்டது): நண்பனுக்கு ஆயுதம் போவதை உன்னால் நிறுத்த முடியாது, எந்தப் பக்கம் கூர் என்று சொல்லும் தாளை மட்டும் பத்திரமாகப் பூட்டி வை.