பேனரோடு வருகிறவர்

அவரை உங்களுக்குத் தெரியும். உங்கள் ஊரில் அவருக்கு வேறு பெயர் இருக்கலாம். எங்கள் மலைமேட்டில் அவருக்கு இன்ஜினியர் என்று பெயர். பாலம் கட்டியவரா, மோட்டார் பிரித்தவரா என்றெல்லாம் நாங்கள் விசாரிப்பதில்லை. எட்டுப் பை வைத்த மேல்சட்டை போட்டு, கழுத்தில் அட்டை தொங்கவிட்டு, வெள்ளை வண்டியிலிருந்து இறங்கியதும் ஒரு கையால் நெஞ்சையும் மறு கையால் வண்டிக் கதவையும் பிடித்துக்கொண்டு, காற்று போதாமல் மூச்சு வாங்குகிற எவரும் எங்களுக்கு இன்ஜினியர்தான். கால்நடை மருத்துவர் இன்ஜினியர். சமூகவியல் படித்த பெண் இன்ஜினியர். ஒருமுறை வழி தவறி மேலே ஏறி வந்துவிட்ட சோப்பு வியாபாரியும் இன்ஜினியர். இத்தனை பேரில் நாங்கள் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போனவர் அந்த சோப்பு வியாபாரி ஒருவர்தான்.

மற்றவர்கள் உதவ வருகிறார்கள். உதவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் எதிரே இருக்கும் பனிமலை என் கல்யாணத்தின்போது இடுப்புவரை வெள்ளையாக இருந்தது. இப்போது உச்சியில் ஒரு குல்லாய் மட்டும் மிச்சம். அதன் தண்ணீரில் நனைந்து கிடந்த பஞ்சுப் புல்வெளி ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வருகிறது. கம்பளிக்காக நாங்கள் மேய்க்கும் நீளக் கழுத்துப் பிராணியான அல்பாக்காவுக்கு அந்த மெத்தென்ற புல்தான் சாப்பாடு. மழை தவணை தப்பி வருகிறது, உறைபனி அழைக்காமல் வருகிறது, கம்பளி வாங்க வருகிறவன் மட்டும் தவறாமல் போன வருஷத்தைவிடக் குறைந்த விலையோடு வருகிறான். ஆக, பரிதாபப்படத் தக்க நிலையில்தான் இருக்கிறோம், சொல்வதில் வெட்கமில்லை. ஆனால் இன்ஜினியர் பரிதாபத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வருவதில்லை. திட்டமாக எடுத்துக்கொண்டு வருகிறார்.

ஒரு திட்டம் தேனீப் பெட்டிகள் கொடுத்தது. பூ எங்கே என்று தேனீக்கள் எங்களைக் கேட்டிருக்கும், கேட்பதற்குள் விறைத்துப் போயின. இன்னொன்று, வளர்ந்த அல்பாக்காக்களுக்குக் கம்பளிச் சட்டை கொடுத்தது. ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். முதுகிலேயே கம்பளி விளைகிற பிராணிக்குக் கம்பளிச் சட்டை. அந்தச் சட்டைகள் இப்போது எங்கள் வீட்டுக் கோழிக்கூண்டை மூடுகின்றன. பிறகு ஒரு திட்டம் எங்கள் தன்னம்பிக்கையை வளர்த்தது. மூன்று நாள் வளர்த்தது. நாலாம் நாள் வண்டி போய்விட்டது.

கெட்டவர்களா இவர்கள்? அதுதான் இல்லை. அப்படி இருந்தால் நாய்களை அவிழ்த்துவிட்டு வேலையைப் பார்க்கலாமே! மனசார நல்லவர்கள். விடைபெறும்போது கண் கலங்குகிறது, அது நடிப்பல்ல. நாங்கள் பனியில் உறையவைத்துக் காயப்போட்ட உருளைக்கிழங்கைத் தின்ன முடியாமல் தின்று, ‘ரொம்ப நல்லா இருக்கு’ என்கிறார்கள். நாங்கள் சொல்கிறதைத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறார்கள், குறித்தும் கொள்கிறார்கள். குறித்துக்கொண்டது எங்கே போகிறது என்பதுதான் எங்களுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இந்த இனத்தில் ஒரு முழு வளர்ச்சி அடைந்த மாதிரியை உங்களுக்குக் காட்ட வேண்டுமென்றால், ரென்சோவைத்தான் காட்ட வேண்டும். போன பிப்ரவரியில் நடந்தது. எங்கள் மேய்ப்பர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். இலாரியோ என் பெயர். வருகைப் பதிவேட்டை வைத்திருப்பவன். அந்தப் பாவம் என்னைச் சேர்ந்தது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரென்சோ அனுப்பிய கடிதத்தில் பயிற்சி முகாமின் தலைப்பு இருந்தது: பிறந்த குட்டிகளின் இறப்பைக் குறைப்பது எப்படி. நாள்: பிப்ரவரி இரண்டாம் செவ்வாய். நேரம்: காலை ஒன்பது மணி.

எங்கள் மேட்டில் இதைப் படித்தவர்கள் எல்லாரும் இரண்டாம் முறை படித்தார்கள். பிப்ரவரி என்பது அல்பாக்கா குட்டி போடும் காலம். அது குட்டி போடுவது காலையில் மட்டும்; வெயில் ஏறியதிலிருந்து உச்சிப்பொழுது வரைக்கும்தான். பசுவைப் போல அது குட்டியை நக்கிக் காயவைக்காது. போட்டுவிட்டு, முகர்ந்து பார்த்துவிட்டு, ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டு நிற்கும். காயவைப்பது வெயிலின் வேலை. வெயில் இல்லாமல் ஆலங்கட்டி மழை வந்தால் மேய்ப்பவர் வேலை. துணியால் தேய்த்து, நெஞ்சோடு அணைத்து, சாயங்காலக் குளிர் இறங்குவதற்குள் காயவைத்து, சீம்பால் குடிக்கவைக்காவிட்டால் குட்டி இல்லை. அதனால் பிப்ரவரிக் காலைகளில் எங்கள் ஊரில் கல்யாணம் கிடையாது, பஞ்சாயத்து கிடையாது, சாவு விழுந்தால்கூட அடக்கம் மத்தியானத்துக்கு மேல்தான். குட்டிகள் ஏன் சாகின்றன என்று தெரிந்துகொள்ள, குட்டிகளைச் சாகவிட்டுவிட்டு வரச் சொன்ன முதல் மனிதர் ரென்சோ.

போனில் சொன்னேன்.

“இன்ஜினியரய்யா, மத்தியானம் ரெண்டு மணிக்கு வைங்களேன். ஆடு மாடு மாதிரி இல்ல, இதுங்களுக்குக் காலையிலதான் பிரசவ நேரம்.”

“புரியுது இலாரியோ, ரொம்ப முக்கியமான பாயின்ட். குறிச்சுக்கறேன். ஆனா நான் இருட்டறதுக்குள்ள கீழே இறங்கியாகணுமே. அப்புறம், வந்து கையெழுத்துப் போட்டவங்களைத்தான் கூரைத் தகரத்துக்குப் பரிசீலிப்பாங்க. எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க.”

தகரம்! அந்த ஒரு சொல்லுக்கு நான் விழுந்தேன். வீடு வீடாகப் போனேன். கடைசியாகப் போனது செனோபியா அக்கா வீட்டுக்கு. அக்காவின் புருஷன் தங்கச் சுரங்கத்து வேலைக்குக் கீழே போனவர், வருஷத்துக்கு ஒருமுறை வருவார். அறுபது அல்பாக்கா இருந்த கூரையில்லாத கொட்டில் இரண்டு கடுங்குளிரில் இருபத்திரண்டாகிவிட்டது. அதில் ஒன்றுதான் கறுப்பி. வெள்ளைக் கம்பளியே வேண்டும் என்று எல்லாரும் கறுப்பைக் கழித்துக் கட்டிய பிறகு, எங்கள் மேட்டில் மிஞ்சியிருந்த ஒரே சுத்தக் கறுப்புப் பெட்டை. வயதாகிவிட்டது. முந்தைய இரண்டு வருஷமும் போட்ட குட்டிகள் ஈரத்தில் விறைத்துச் செத்தன. இந்த வருஷமும் போனால் கறுப்பு வம்சம் அதோடு முடிந்தது. கொட்டிலின் ஒரு மூலைக்காவது கூரை வேண்டும் என்று மூன்று வருஷமாக வந்த ஒவ்வொரு இன்ஜினியரிடமும் அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் கொடுத்த படிவத்தில் தலைமைப் பண்பு இருந்தது, மனநலம் இருந்தது, தகரம் இல்லை.

“நாளைக்கோ நாளன்னிக்கோ போட்டுடும்டா கறுப்பி,” என்றாள். “இதை விட்டுட்டு நான் வந்து என்ன பாடம் படிக்க?”

“அரைமணி நேரம்க்கா. வந்து ஒரு கையெழுத்து. பேரு பட்டியல்ல ஏறலன்னா தகரம் வராது.”

“தகரமும் வேணும், குட்டியும் வேணும். எதை விடச் சொல்ற நீ?”

பதிலை அக்காவே கண்டுபிடித்தாள். செவ்வாய்க்கிழமை காலை கறுப்பியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு முகாமுக்கே வந்துவிட்டாள்.

ரென்சோ இறங்கினார், மூச்சு வாங்கினார், ‘வணக்கம்’ சொல்வதற்கு முன் பேனரைக் கட்டச் சொன்னார். இந்த இனத்தின் முதல் அடையாளமே அதுதான். மனிதர் வராமல்கூட முகாம் நடக்கும், பேனர் இல்லாமல் நடக்காது. பள்ளிக்கூடம் விடுமுறை, சாவி வாத்தியாரோடு நகரத்துக்குப் போய்விட்டது. ஆகவே திறந்த மைதானம், இரண்டு கம்பம், நடுவில் நாலு மீட்டருக்கு மூன்று மீட்டர் கெட்டியான ஃபிளெக்ஸ் பேனர். அதில் பத்துப் பதினைந்து சொற்களில் திட்டத்தின் பெயர். அதன் கீழே ஒரு வெள்ளைக் குட்டியை அணைத்தபடி பெரிய ரென்சோ. குட்டிக்கு முகம் பாதிதான் தெரிந்தது. ரென்சோவுக்கு முழுசாகத் தெரிந்தது.

பிறகு வண்ண அட்டைகள் வந்தன, பெரிய காகிதங்கள் வந்தன. ஆளுக்கொரு பேனாவைக் கொடுத்து, ‘பிரச்சினை மரம்’ வரையச் சொன்னார். வேரில் காரணங்கள், கிளையில் விளைவுகள். நிக்காசியோ மாமா கையைத் தூக்கினார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, கேட்காமல் விடுகிறவரும் இல்லை.

“என்ன மரம் இன்ஜினியரய்யா?”

“ஏதாவது ஒரு மரம் மாமா. உங்க ஊர் மரம்.”

நாங்கள் எல்லாரும் சுற்றிப் பார்த்தோம். நாலாயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்தில் கண்ணுக்கு எட்டியவரை மரமாக நின்றுகொண்டிருந்தவை பேனர் கட்டிய கம்பங்கள் இரண்டும்தான்.

“பட்டாளத்துல இருந்தப்போ ஒண்ணு பார்த்தேன்,” என்றார் மாமா. “அதை வரையட்டா?”

வரைந்தார். நீளக் கழுத்து, நாலு வேர், மேலே இரண்டு காது. ரென்சோ கை தட்டினார். அதைப் படமும் எடுத்துக்கொண்டார்.

மூன்றாவது அட்டையை ஒட்டும்போது கறுப்பி முனகத் தொடங்கியது. அத்தனை தலையும் திரும்பியது. அதற்குப் பிறகு எங்கள் கவனத்தை இழுக்க அரசாங்கத்தாலும் முடியாது, ஆனால் ரென்சோ முயன்றார்.

“கவனம் இங்கே இருக்கட்டும் நண்பர்களே. இப்ப நாம பேசப் போறது பிரசவ நேரப் பராமரிப்பு, ரொம்ப முக்கியம். செனோபியாம்மா, அதைக் கொஞ்சம் ஓரமா நகர்த்த முடியுமா? போட்டோவுல பேனரை மறைக்குது.”

“தலை வெளிய வந்துடுச்சு இன்ஜினியரய்யா,” என்றாள் அக்கா. “உள்ள போயிட்டு அப்புறம் வான்னு சொல்லட்டுமா?”

குட்டி விழுந்தது. கறுப்பு, சுத்தக் கறுப்பு, பெட்டை. நாங்கள் ‘ஆ’ என்று வாய் திறந்த அதே நேரத்தில் வானமும் திறந்தது. பட்டாணி அளவில் ஆலங்கட்டி. ரென்சோ காகிதங்களையும் அட்டைகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு வண்டிக்குள் ஓடினார், அறிக்கைக்கு வேண்டுமே. அக்கா முதுகில் கட்டியிருந்த சுமைத் துணியை அவிழ்த்துக் குட்டியைத் தேய்த்தாள். இரண்டு நிமிஷத்தில் துணி சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. பள்ளிக்கூடம் பூட்டு, ஒதுங்க ஒரு தாழ்வாரம்கூட இல்லை. குட்டி நடுங்கத் தொடங்கியது. மூன்றாவது வருஷமும் இதே கண்ணால் அதே காட்சியைப் பார்க்கப் போகிறாள் அக்கா.

அக்கா நிமிர்ந்து பேனரைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தாள். நாலு கயிறு, நாலு வெட்டு.

“புடிங்கடா ஆளுக்கொரு மூலை! வேடிக்கை பார்க்கவா வந்தீங்க?”

பிடித்தோம். பெரிய ரென்சோவின் முகத்தில் ஆலங்கட்டி படபடவென்று விழ, அடியில் பெண்கள் தங்கள் முதுகுச் சுமைத் துணிகளையெல்லாம் அவிழ்த்து முறைபோட்டுத் தேய்த்தார்கள். முக்கால் மணி நேரத்தில் மழை ஓய்ந்து வெயில் அடித்தது. உச்சிப்பொழுதுக்குள் குட்டி நாலு காலில் ஆடி ஆடி நின்று, தாயின் மடியைத் தேடிக் கண்டுபிடித்தது. வண்டிக் கதவு திறந்தது.

“அற்புதம்! பேனர் எங்கே? குரூப் போட்டோ எடுத்துடலாமா?”

எடுத்தோம். குட்டியை ரென்சோ அணைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து அறிக்கை வந்தது, வழவழ தாளில். அட்டையில் அந்தப் படம். முகாமின்போது பிறந்த குட்டிகளில் நூற்றுக்கு நூறு காப்பாற்றப்பட்டதாக உள்ளே எழுதியிருந்தது. பொய் இல்லை; பிறந்தது ஒன்று. அன்று காலை ஆளில்லாத மேய்ச்சலில், கையெழுத்துப் போட வந்தவர்களின் மந்தைகளில் ஐந்து குட்டிகள் ஈரத்தில் செத்துக் கிடந்தன. நிக்காசியோ மாமாவுக்கு மட்டும் இரண்டு. அவை அறிக்கையில் இல்லை, மாமாவின் கையெழுத்து இருந்தது. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. பாதி ரென்சோமேல். மீதி, அரைமணி நேரம் வாருங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டவன்மேல்.

தகரம் வந்ததா என்று கேட்கிறீர்களா? பரிசீலனையில் இருக்கிறது. பேனரைத் திருப்பி அனுப்பச் சொல்லி ரென்சோ என்னிடம் மூன்று முறை போன் செய்தார். மூன்று முறையும் அக்கா ஒரே பதிலைச் சொன்னாள்: “குட்டி இன்னும் காயலன்னு சொல்லு.” அந்தக் குட்டி அப்போது என் வேலியைத் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தது.

மே மாதம் மதிப்பீட்டுக்காக ரென்சோ நேரில் வந்தார். அக்காவின் கொட்டிலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். மூலையில் கல் வைத்து இறுக்கிக் கட்டிய கூரையிலிருந்து, தலைகீழாக, அவரே அவரைப் பார்த்துச் சிரித்தார். கறுப்பியும் மகளும் அதன் கீழே அசை போட்டுக்கொண்டிருந்தன. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு, இத்தனை வருஷத்தில் எந்த இன்ஜினியரும் படிவம் இல்லாமல் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

“செனோபியாம்மா, உங்களுக்கு வேற என்ன வேணும்?”

அக்கா கொட்டிலில் கூரை எட்டாத பக்கத்தைப் பார்த்தாள். கையை நீட்டிச் சாண் போட்டாள்.

“இன்னொரு முகாம் வைங்க இன்ஜினியரய்யா. மத்தியானமா வைங்க. பேனர் மட்டும் போன தடவையைவிட ரெண்டு மீட்டர் பெருசா இருக்கட்டும்.”

அவர் அதையும் குறித்துக்கொண்டார். எங்களுக்குத் திட்டத்தின்மேல் எவ்வளவு பற்று என்று, இறங்கிப் போகும்போது டிரைவரிடம் சொல்லிக்கொண்டே போனாராம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எட்டுப் பை மேல்சட்டை உங்களிடம் இல்லைதான். ஆனால் போன மாதம் காய்ச்சலில் படுத்திருந்தவரைப் பார்க்கப் போய், நோயாளிக்கு ஓய்வு எவ்வளவு அவசியம் என்று அவர் தலைமாட்டில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசிவிட்டு வந்தது யார்? நானில்லை. நான் வேறொரு வீட்டில் பேசிக்கொண்டிருந்தேன். அடுத்த முறை நீங்கள் யாருக்காவது உதவப் போய், அவர்கள் உங்களையே இமைக்காமல் மேலும் கீழுமாகப் பார்த்தால், நன்றியில் நெகிழ்ந்துவிட்டார்கள் என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள். உங்களுக்குப் பின்னால் கட்டியிருப்பதை அளக்கிறார்கள்.