முதல் பெஞ்சில் சிறைப்பட்ட சாக்லேட்டை மீட்கப் புறப்பட்ட படலம்

மார்ச் மாதம் பதினோராம் தேதி, புதன்கிழமை, பள்ளிக்கூடத்தின் இரண்டாம் மாடியில் ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவின் மின்விசிறி ஓடவில்லை.

வாழி அட்லஸ் மிஸ்! ஏழு கண்டங்களையும் ஒரே கக்கத்தில் இடுக்கி, மறுகையில் தண்ணீர் பாட்டிலைத் தண்டாயுதமென ஏந்தி, மாடிப்படிகளை மூச்சிரைக்க ஏறிவந்த மாவீராங்கனை வாழி! சுண்ணத்தூள் படிந்த புருவத்தாள், சிவப்பு மை கறைபட்ட விரலாள், கரும்பலகையை நோக்கி நின்றபடியே கடைசி பெஞ்சின் கொட்டாவியை இன்னாருடையது என்று கண்டுசொல்லும் முதுகுக்கண் படைத்தாள், சமூக அறிவியல் என்னும் வறள்நாட்டைத் தற்காலிகமாக ஆள வந்த அரசி வாழி! ‘தற்காலிகமாக’ என்ற சொல்லை வாசகர் மனத்தில் இருத்துவாராக. இந்தப் போரில் சிந்திய வியர்வை முழுவதும் அந்த ஒரு சொல்லின் பொருட்டே சிந்தியது.

ஓராண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தவர் அவர். அந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. அன்றைய வகுப்பைத் துணைத் தலைமையாசிரியை வந்து உட்கார்ந்து பார்ப்பார். பிடித்தால் வேலை நிரந்தரம், பிடிக்காவிட்டால் அக்காவின் துணிக்கடை. அக்கா கொடியவள் அல்லள். தங்கையின்மேல் உயிரையே வைத்திருப்பவள். ஆயினும் “நான் அப்பவே சொன்னேன்ல” என்னும் அஸ்திரத்தைக் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது ஒருமுறையும் மாலையில் இறக்கும்போது ஒருமுறையும் தவறாது எய்யக்கூடியவள். முந்தின நாள்தான் போனில் சொல்லியிருந்தாள்: “உனக்குன்னு ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டாச்சுடி. மெத்தைகூட தச்சு வச்சிட்டேன், நீ எப்ப வந்தாலும் சரி.” அந்த மெத்தை தைத்த ஸ்டூலை நினைக்குந்தோறும் வீராங்கனை பாடக் குறிப்பேட்டில் இன்னொரு வரி சேர்த்தார்.

எனவே அவர் வெறுங்கையோடு களம் புகவில்லை. பாடம் நியாய வணிகம். நாம் தின்பதும் உடுப்பதும் எந்த மண்ணிலிருந்து புறப்பட்டு, எத்தனை கை மாறி நம்மிடம் வருகின்றன, விளைவித்தவர் கைக்குக் கடைசியில் என்ன மிஞ்சுகிறது என்பதைப் பிள்ளைகள் உணர வேண்டும். உணர்ந்து உள்ளம் உருக வேண்டும். இயன்றால் ஓரிருவர் கண்கலங்க வேண்டும். கலங்கும் வேளையில் துணைத் தலைமையாசிரியை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கென அவர் கொணர்ந்த படைக்கலம், பொன்னிறத் தாள் போர்த்திய, செங்கல்லின் தம்பி போன்ற, ஒரு பெரிய சாக்லேட் கட்டி. (பள்ளி வாசலைக் கடந்து உள்ளே வந்தவை உண்மையில் இரண்டு கட்டிகள். ஒன்று வகுப்பறையை அடைந்தது. மற்றொன்றின் சரிதம் உரிய இடத்தில் உரைக்கப்படும்.)

போர்முறை இதுவாக இருந்தது. முதல் பெஞ்சு கோகோ மரம் வளர்க்கும் விவசாயிகள். இரண்டாம் பெஞ்சு அவர்களிடம் கொட்டையை வாங்கும் வியாபாரிகள். மூன்றாவது கப்பல். நான்காவது தொழிற்சாலை. ஐந்தாவது கடை. சாக்லேட் முதல் பெஞ்சில் தொடங்கி, பெஞ்சு பெஞ்சாகக் கைமாறி, கடைக்குப் போய்ச் சேரும். அங்கே அது உடைக்கப்பட்டு, கரும்பலகையில் எழுதியுள்ளபடி பங்கிடப்படும். கடைக்கும் தொழிற்சாலைக்கும் பெரும்பங்கு, கப்பலுக்கும் வியாபாரிக்கும் நடுத்தரம், மரம் வளர்த்தவருக்கு ஒரு மூலை. மூலையைப் பெற்ற முதல் பெஞ்சு வாடும். வாட்டம் கண்டு மற்றவர் வருந்துவர். அநீதி விளங்கும். மணி அடிக்கும். குறிப்பேட்டில் இப்படித்தான் இருந்தது.

குறிப்பேட்டில் ஊசி இல்லை.

முதல் பெஞ்சின் கோடியில் வீற்றிருந்தாள் ஊசி. உருவத்தால் வந்த பட்டத்தை நாவால் நிலைநாட்டியவள். காய்கறிக் கடைக்காரியின் மகள். தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டே பல் முளைத்தவள். கத்திரிக்காயில் கை வைத்து விலை கேட்பவர் வாங்குவாரா, வாங்காமல் போவாரா என்பதை அவர் வாய் திறக்குமுன் அறியும் வித்தை அவளுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. அவள் கையில்தான் அட்லஸ் மிஸ், பின்னால் நேரப்போவதை அறியாமல், கட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஊசி கட்டியைப் பார்த்தாள். கரும்பலகையைப் பார்த்தாள். மறுபடி கட்டியைப் பார்த்தாள்.

“மிஸ், இந்த மரம் வளர்க்கிறவங்க சாக்லேட் சாப்பிட்டிருப்பாங்களா?”

வீராங்கனையின் நெஞ்சு பூரித்தது. உருக்கம் இவ்வளவு சீக்கிரம் தொடங்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. குரலைத் தாழ்த்தி, வலியுறுத்தி, “நிறையப் பேர் வாழ்க்கையில ஒரு தடவைகூட சாப்பிட்டதில்லம்மா” என்றார்.

“அப்போ நாங்க சாப்பிட்டுடறோம் மிஸ்.”

“இல்ல, நீங்க அதைப் பின்னாடி குடுக்கணும்.”

“குடுக்கலன்னா?”

அந்த ஒற்றைச் சொல் வகுப்பறையின் நான்கு சுவரிலும் முட்டி, ஓடாத மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் மோதி, அட்லஸ் மிஸ்ஸின் காதில் வந்து விழுந்தபோது, அவர் கண்முன் குறிப்பேட்டின் பக்கங்கள் புயலில் சிக்கிய புறாக்கூட்டம்போல் படபடத்துப் பறந்தன. அவர் வாய் திறப்பதற்குள் ஊசி எழுந்தாள், கட்டியைப் பெஞ்சின்மேல் வைத்தாள், அதன்மேல் அமர்ந்தாள். கோட்டைக்கதவு சாத்தப்பட்டது.

எழுந்தது ஆரவாரம்! வியாபாரி பெஞ்சு “மிஸ், அவ ஏமாத்துறா!” என்று கொக்கரிக்க, கப்பல் பெஞ்சு சரக்கே ஏறாவிட்டாலும் துறைமுகத்தில் காத்திருந்ததற்குத் தனிப்பங்கு வேண்டும் என்று மேசையைத் தட்ட, தொழிற்சாலை பெஞ்சு “வேலை இல்லன்னா நாங்க வீட்டுக்குப் போலாமா?” என்று பையை மாட்ட, கடை பெஞ்சு தன்னிடம் இல்லாத சாக்லேட்டுக்கு விலையை ஏற்றி அறிவிக்க, கடல் பொங்கினாற்போல், கூரைமேல் தகரம் உருண்டாற்போல், கல்யாணப் பந்தியில் இலை போதாமல் போனாற்போல் ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு கொந்தளித்தது.

முதலில் ஆணை புறப்பட்டது. “எழுந்திரு!” என்று மேசைமேல் ஸ்கேலை அறைந்து முழங்கினார் அட்லஸ் மிஸ். முன்னொரு காலத்தில் அந்த ஒலிக்குக் கடைசி பெஞ்சே நடுங்கியதுண்டு. ஊசி மட்டும், “விவசாயி எழுந்திருக்கிற நிலைமையில இல்ல மிஸ்” என்று பணிவோடு தெரிவித்துக்கொண்டாள். அவள் அருகிலிருந்த விவசாயப் பெருமக்கள் கைகோத்து அரண் அமைத்தனர்.

அடுத்துத் தூது. தூதுக்கு வகுப்பு லீடரைத் தேர்ந்தார். கடை பெஞ்சின் தலைவன், தடித்த கண்ணாடிக்காரன், ஆசிரியர் மறந்த வீட்டுப்பாடத்தைத் தானாக நினைவூட்டும் விசுவாசி. அவன் நெஞ்சை நிமிர்த்திப் போனான், குனிந்து பேசினான், தலையைச் சொறிந்தான், இரண்டு முறை “ம்” கொட்டினான், பிறகு முதல் பெஞ்சிலேயே நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

“டேய், நீ கடைடா!”

“தெரியும் மிஸ். ஆனா அவ சொல்றது நியாயமாத்தான் இருக்கு. இவங்க குடுக்கலன்னா என் கடையில விக்க என்ன இருக்கு, சொல்லுங்க.”

தூதன் பகைவனிடம் சேர்ந்த வேளையில், மின்விசிறியற்ற அந்த அறையின் வெக்கையும், விவசாயப் பெருமகளின் உடற்சூடும் இருபுறமிருந்தும் நெருக்க, பொன்னிறத் தாளுக்குள் கட்டி மெல்ல மெல்லத் தன் மூலைகளை இழந்துகொண்டிருந்தது. இதை அட்லஸ் மிஸ் மட்டுமே எண்ணிப் பார்த்தார். எண்ணிய கணத்தில் வாசலில் நிழலாடிற்று.

ஓசையெழாத ரப்பர்ச் செருப்பினாள், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மார்பில் கவசமெனத் தொங்கவிட்டாள், புன்னகைத்தால் மழை வருமோ என்று பிள்ளைகள் வானம் பார்க்கும் பெருந்தகையாள், துணைத் தலைமையாசிரியை உள்ளே வந்தார். வகுப்பு எழுந்து நின்றது. ஊசி மட்டும் பாதி எழுந்து, மறுபாதியால் கோட்டையைக் காத்தாள். “உக்காருங்க, உக்காருங்க. நான் சும்மா பாக்கத்தான்” என்றபடி அவர் பின்வரிசை நாற்காலியில் அமர்ந்து பேனாவின் மூடியைத் திறந்தார். அந்த ‘டக்’ என்னும் ஓசையில் அட்லஸ் மிஸ் ஷட்டர் தூக்கும் ஓசையைக் கேட்டார்.

இனி முழங்க வழியில்லை. மாவீராங்கனை போர்க்கோலம் களைந்து, முகத்தில் கனிவைப் பூசி, முதல் பெஞ்சின் முன் மண்டியிட்டார். கண்ணுக்குக் கண் பார்த்துப் பேச வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

“சரிம்மா. விவசாயிங்களுக்கு என்ன வேணும்?”

“பாதி.”

“மூணுல ஒண்ணு.”

“காலையில சொல்லியிருந்தா குடுத்திருப்பேன் மிஸ். இப்ப வெயில் ஏறிடுச்சு.”

பின்வரிசையில் பேனா எதையோ எழுதிற்று. “பாதி” என்றார் அட்லஸ் மிஸ்.

இதோ உடன்படிக்கை! வியாபாரிகள் முணுமுணுக்க, மாலுமிகள் முகம் சுளிக்க, முதல் பெஞ்சுக்குப் பாதி என்று கரும்பலகையில் எழுதப்பட்டது. அழித்து எழுதிய இடத்தில் சுண்ணத்தூள் மேகமெழுந்து அடங்கிற்று. நினைத்ததைவிட நன்றாகவே முடிகிறது, பிள்ளைகள் தாமாகவே நியாயத்தைக் கேட்டு வாங்கினார்கள் என்று மேடம் எழுதிக்கொள்வார், ஸ்டூலையும் மெத்தையையும் அக்கா வேறு யாருக்காவது போட்டுக்கொள்ளலாம் என்று வீராங்கனை உள்ளம் குளிர்ந்த அந்த வேளையில்தான், ஊசி எழுந்து, கட்டியை எடுத்து, வாங்குமுன் சரக்கைப் புரட்டிப் பார்க்கும் தன் குலவழக்கப்படி அதன் மறுபக்கத்தைப் பார்த்தாள்.

“மிஸ், ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’னு ஒட்டியிருக்கு.”

“ஆமாம்மா, அது கடையில சலுகை.”

“அப்போ இன்னொண்ணு எங்க?”

மற்றொன்றின் சரிதம் உரைக்கப்படும் இடம் வந்துவிட்டது. காலை இடைவேளையில், ஆசிரியர் அறையில், பீரோவின் மறைவில், ஒரு துண்டு மட்டும் என்று தொடங்கி, இன்னொரு துண்டு என்று தொடர்ந்து, இனி வைத்து என்ன செய்ய என்று அது முடிவுற்றது. விளைவித்தவர் துயரைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே விளைந்ததை மென்றார் நம் தலைவி. கடைக்காரர் தரவில்லை என்று சொல்லலாமா? வீட்டில் இருக்கிறது என்று சொல்லலாமா? எலியின்மேல் பழி போடலாமா? மூன்று பொய்களும் நாவின் நுனிவரை வந்து வரிசையில் நின்றன. எதிரே தராசு முள்போல் அசையாத இரு கண்கள்.

“நான் சாப்பிட்டுட்டேன்” என்றார் அட்லஸ் மிஸ்.

கப்பல் நடுக்கடலில் நின்றது.

“முழுசாவா மிஸ்?”

இங்குதான் அவர் கழுத்து தானாகவே பின்வரிசையை நோக்கித் திரும்பத் துடித்தது. துடித்த கழுத்தை அவர் இறுக்கிப் பிடித்து நிறுத்தினார். அன்றைய போரில் அவர் புரிந்த வீரச்செயல் என்று சொல்லத்தக்கது அது ஒன்றே. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

“முழுசா” என்றார்.

“போர்டுல மரத்துக்கு ஒரு மூலைன்னு எழுதினீங்க. கப்பலுக்கு, கடைக்கு, எல்லாருக்கும் எழுதினீங்க. மிஸ்ஸுக்கு முழுசா ஒண்ணுன்னு எழுதவே இல்லையே?” ஊசியின் குரலில் கோபமில்லை, எடை குறைவதைச் சுட்டும் வாடிக்கையாளரின் நிதானம் இருந்தது. “நாங்க இவ்ளோ நேரம் பாதிக்குப் பாதின்னு சண்டை போட்டோம். மொத்தமே பாதிதான் இங்க வந்திருக்கு.”

அட்லஸ் மிஸ் எழுந்தார். சுண்ணக்கட்டியை எடுத்தார். கடை, தொழிற்சாலை, கப்பல், வியாபாரி, விவசாயி என்ற பட்டியலின் மேலே, எல்லாவற்றுக்கும் முதலாக, ‘டீச்சர்: ஒரு முழு சாக்லேட்’ என்று தெளிவான கையெழுத்தில் எழுதினார். எழுதும்போதே மெத்தையின் தையலைத் தொடையின்கீழ் உணர்ந்தார்.

பின்வரிசையில் இருமல் எழுந்தது. முதலில் தொண்டையைச் செருமும் இருமல்; அடுத்து யோசிக்கும் இருமல்; மூன்றாவதில் நாற்காலி பின்னுக்குத் தள்ளப்பட்டது.

“முழுசா இல்ல” என்றார் துணைத் தலைமையாசிரியை. “பாதி நான்.”

இருபத்தைந்து ஆண்டுக்காலம் நடுங்க வைத்த அந்தத் திருமுகத்தை வகுப்பு முழுவதும் திரும்பி நோக்க, அவர் கண்ணாடியை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். “எனக்கு சுகர் இருக்கு. இந்த விஷயம் என் வீட்டுக்குப் போகக் கூடாது. புரியுதா?” பிறகு ஊசியிடம், அரசன் வாளை ஒப்படைக்கும் தோரணையில், “நாங்க என்ன பண்ணணும்?” என்றார்.

ஊசி முதல் பெஞ்சைக் கலந்தாலோசித்தாள். கடையிலிருந்து கட்சி மாறிய லீடரும் ஆலோசனையில் பங்கேற்றான். தீர்ப்பு: மிஸ்ஸும் மேடமும் ஆளுக்கொரு கட்டி, இதே அளவு, நாளைக்கு. இரு மாதர்களும் தலைவணங்கினர். அதன்பின் பொன்னிறத் தாள் பிரிக்கப்பட்டது. உள்ளே மூலையுமில்லை, பாதியுமில்லை, துண்டுமில்லை. பழுப்பு நிறச் சேறு ஒன்று பளபளத்துக் கிடந்தது. உடன்படிக்கையின்படி பங்கிட இயலாத அந்தக் குழம்பை, அட்லஸ் மிஸ் மேசைமேல் அறைந்த அதே ஸ்கேலால் வழித்து, விவசாயி, வியாபாரி, மாலுமி, ஆலைத்தொழிலாளி, கடைக்காரர் என்ற வேறுபாடின்றி நீட்டப்பட்ட ஒவ்வொரு விரல்நுனியிலும் ஊசி ஒரேயளவு தடவிக்கொண்டு போனாள். ஒருவரும் கண்கலங்கவில்லை. ஒருவன் இரண்டு விரலை நீட்டி அடி வாங்கினான்.

துணைத் தலைமையாசிரியை வேலையை நிரந்தரமாக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்; அன்று மாலை இருவரும் கடைக்குப் போனபோது சலுகை முடிந்திருந்தது.