பதினேழாம் நம்பரின் பச்சைப் புள்ளி

மேக்ஸ்வெல்லின் மேஜை மேல் ஒரு கூடை வாடிய ரோஜாப்பூ வந்து உட்கார்ந்தது.

"மோந்து பாருங்க சாமி. விடியக்காலம் பறிச்ச பூவு. ஆறரைக்கு வர வேண்டிய உங்க பஸ்ஸு எட்டரைக்கு வருது. மார்க்கெட்ல இதை எவன் வாங்குவான்?" என்றாள் தளிப் பக்கத்து நஞ்சம்மா.

எல்லைநகர் அரசு பஸ் கம்பெனியைச் சீர்திருத்த மேக்ஸ்வெல் ஓசூருக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. தலைமை அலுவலகம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தளியிலிருந்து ஓசூர் வரும் பதினேழாம் நம்பரை மூன்று மாதத்தில் நேரத்துக்கு ஓட வைத்தால் ஓசூரிலேயே நிரந்தரம். இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு மறுபடியும் ஊத்தங்கரைக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

மனைவி ஃபெபாவுக்கு ஓசூரில் நர்ஸ் வேலை. நான்கு வருஷமாக வாரத்துக்கு ஒருநாள் குடித்தனம். ஓசூர்ச் சபையில் "புதுசா வந்தவங்க எழுந்து நில்லுங்க" என்று போதகர் சொன்னால், இன்னும் நாலு பேர் மேக்ஸ்வெல்லைத் திரும்பிப் பார்க்கிறார்கள். மனுஷனுக்கு வயிறு எரியாதா?

"அம்மா, புகார்னா அதுக்கு ஒரு முறை இருக்கு" என்று நஞ்சம்மாவை அனுப்பிவிட்டு, முதல் சீர்திருத்தத்தைச் செய்தார். புகார்ப் புத்தகம் இனி பஸ்ஸுக்குள்ளேயே தொங்கும். பயணிகள் யாரும் ஆபீஸ் படி ஏறக் கூடாது. வாட்ச்மேன் ஆஞ்சப்பன் அன்றே ஒரு புதுத் தடி வாங்கிவிட்டான்.

இரண்டாவது சீர்திருத்தம், தாமத விளக்கப் படிவம். தாமதமாகும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்டக்டர் வெங்கடசாமி மூன்று பக்கம் நிரப்ப வேண்டும். மறுநாள் பஸ் பத்தரைக்கு வந்தது.

"என்னய்யா, எல்லாப் படிவத்துலயும் ஒரே காரணத்தை எழுதியிருக்க?"

"உண்மையத்தான சார் எழுதணும்? படிவம் எழுதுனதாலதான் லேட்டு."

அடுத்து, சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்பு டப்பாவை பஸ்ஸில் மாட்டினார்கள். பஸ் எங்கே போனாலும் ஆபீஸ் திரையில் ஒரு புள்ளி கூடவே ஓடும். நேரத்துக்குப் போனால் பச்சை, தவறினால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் டிரைவருக்கு மெமோ.

டிரைவர் முனிவேல் சாமர்த்தியசாலி. மறுநாள் பச்சையோ பச்சை! ஆறரைக்குத் தளி, ஏழரைக்கு ஓசூர். மேக்ஸ்வெல் புளகாங்கிதம் அடைந்து டீ சொல்வதற்குள் வெங்கடசாமி வந்து நின்றான்.

"சார், பஸ்ல நான் ஒருத்தன்தான் வந்தேன்."

"பயணிங்க?"

"ஓடி வந்தாங்க சார். முனிவேல் அண்ணன் ஒரு ஸ்டாப்லயும் நிறுத்தல. நிறுத்துனா சிவப்பு எரியுமாம். ஒரு அம்மா பூக்கூடையோட பாவம், ரொம்ப தூரம் ஓடுச்சு."

"விதியை மாத்திடலாம்" என்றார் மேக்ஸ்வெல். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கட்டாயம் இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த பஸ்ஸுக்கு ஸ்டார்ட்டர் போய் ஒரு வருஷம் ஆகிறது என்பதைக் கம்பெனியில் அத்தனை பேரும் அறிவார்கள், சீர்திருத்த வந்தவரைத் தவிர. இருபத்திரண்டு நிறுத்தம், இருபத்திரண்டு தள்ளு. பயணிகள் ஏறினார்கள், இறங்கித் தள்ளினார்கள், மறுபடி ஏறினார்கள். கடைசியில் பாதி வழியில் பஸ் படுத்துவிட்டது. திரையில் புள்ளி ரத்தச் சிவப்பு.

மேக்ஸ்வெல் மெக்கானிக் மணியைக் கூப்பிட்டார்.

"ஸ்டார்ட்டர் வாங்கணும் சார். எஞ்சினையும் பிரிச்சுப் பாக்கணும்."

"அதெல்லாம் தலைமை அலுவலகம் அனுமதிச்சு வர ஆறு மாசம் ஆகும். எனக்கு ஊத்தங்கரை வேணாம் மணி! நீ என்ன பண்ணுவியோ எனக்குத் தெரியாது. நாளையிலருந்து இந்தப் புள்ளி பச்சையா ஓடணும். ஸ்டாப்புக்கு ரெண்டு நிமிஷம் நிக்கணும்."

மணி திரையையே கொஞ்ச நேரம் பார்த்தான். "புள்ளிதான சார்? ஆயிடும்" என்றான்.

ஆகிவிட்டது! மறுநாள் ஆறரைக்குப் புறப்பட்ட பச்சைப் புள்ளி, இருபத்திரண்டு நிறுத்தத்திலும் இம்மி பிசகாமல் நின்று, ஓசூர் வந்து சேர்ந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம், புள்ளி சிவக்கவே இல்லை. டீசல் செலவு பாதாளத்துக்குப் போனது. புகார்ப் புத்தகத்தில் ஒரு வரி ஏறவில்லை. நஞ்சம்மா கூட அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

"வசூல் மட்டும் ஒண்ணுமில்லையே?" என்று ஒருநாள் கேட்டார்.

"அந்த ரூட்ல எல்லாம் பொம்பளைங்க சார். இலவசம்" என்றான் வெங்கடசாமி, கூரையைப் பார்த்துக்கொண்டு.

நேரில் ஒருதரம் போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஏசி அறையில் திரையே எல்லாவற்றையும் காட்டும்போது எவன் தளி ரோட்டில் போய் வெயிலில் காய்வான்?

பாராட்டு விழாவை ஓசூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் வைத்தார்கள். மேடையில் பெரிய திரை, அதில் பச்சைப் புள்ளி நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. முதல் வரிசையில் புதுச் சேலையில் ஃபெபா. ஊழியர் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். மணியைத்தான் காணோம். அந்த நேரத்துக்கு அவனுக்கு டூட்டியாம்.

நிர்வாக இயக்குநர் நிரந்தர உத்தரவுக் கவரைக் கையில் எடுத்தார். "இந்த முறையை நம்ம அறுபது பஸ்ஸுக்கும் கொண்டு வரப்போறோம்!" கைதட்டல் அடங்கவில்லை. ஃபெபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேக்ஸ்வெல் மனசுக்குள் கணக்குப் போட்டார். இனி வாரம் ஏழு நாளும் தன் வீட்டுச் சோறு.

"கவரைக் கொடுக்கறதுக்கு முன்னாடி, பயணி ஒருத்தர் பேசட்டுமே" என்றார் இயக்குநர்.

மண்டப வாசலில் ஆஞ்சப்பன் தடியோடு யாரையோ மறித்துக்கொண்டிருந்தான். காலிக் கூடையோடு நஞ்சம்மா. மேக்ஸ்வெல்லுக்கு ஒரே சந்தோஷம். தானே இறங்கிப் போய் அழைத்து வந்து மைக்கைக் கொடுத்தார்.

"பயப்படாம சொல்லுங்கம்மா. பதினேழாம் நம்பர் இப்ப எப்படி வருது?"

திரையில் பச்சைப் புள்ளி அடுத்த நிறுத்தத்துக்கு வந்து, சரியாக நின்றது. நஞ்சம்மா அதை ஒருதரம் பார்த்தாள்.

"டைமுக்குத்தான் வருது சாமி, மணி தம்பி தெனமும் அந்தக் கறுப்பு டப்பாவை பைக்ல கட்டிக்கிட்டு வந்து ஸ்டாப்புக்கு ரெண்டு நிமிஷம் நின்னுட்டுப் போவுது, பஸ்ஸு எப்ப வரும்னு கேக்கத்தான் நான் வந்தேன்."