பழைய கம்ப்யூட்டரோடு பேசாத கேமரா

கல்யாணமான நாளிலிருந்து மனைவியை ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை என்பது மெத்தைக்காரருக்கு நெடுநாள் மனக்குறை. முயற்சி செய்யாமல் இல்லை. பலிக்கவில்லை. இந்தத் தடவை விடுவதில்லை என்று தீர்மானம் செய்தார்.

மெத்தைக்காரர் என்றால் மெத்தை விற்பவர் இல்லை. மெத்தைக் கம்பெனியில் தரம் பார்ப்பவர். படுத்துப் பார்த்து, புரண்டு பார்த்து, 'சரி' என்று முத்திரை குத்தும் வேலை. படுத்தே சம்பளம் வாங்குகிற ஆள் என்று தெருவில் ஏகப்பட்ட பொறாமை. வீட்டில் அந்தப் பொறாமை கிடையாது. மனைவி ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் உட்காருபவர். வலியே இல்லை என்று சாதிக்கிறவருக்கு எந்தப் பக்கத்துப் பல் வலி என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரிடம் பொய் சொல்லி ஜெயிப்பது லேசுப்பட்ட காரியமா?

மெத்தைக்காரருக்கு வேண்டியது ஒரு புதுக் கம்ப்யூட்டர். வீட்டில் இருந்தது கிழம். அதோடு அவர் சதுரங்கம் ஆடுவார். ஒரு காயை நகர்த்திவிட்டுக் குளித்துவிட்டு வந்தால், அது பதிலுக்கு ஒரு காயை நகர்த்தியிருக்கும். அவ்வளவு மெதுவாக யோசித்தும் அவரைத் தோற்கடித்துவிடும். அதற்கு யோசிக்க நேரம் அதிகம் கிடைப்பதால்தான் தோற்கிறோம், வேகமான கம்ப்யூட்டராக இருந்தால் ஒரு கை பார்த்துவிடலாம் என்பது அவர் கணக்கு. ஓடுகிற வண்டியை எதற்கு மாற்றவேண்டும் என்பது மனைவியின் கணக்கு.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு வேலை கிடைத்தது. ஒரே பெண். தூரத்து ஊர்.

"அவ கிளம்பறதுக்குள்ள ஒரு கேமரா வாங்கிட்டு வாங்க," என்றார் மனைவி. "ரொம்ப விலையும் வேணாம், ரொம்ப மட்டமும் வேணாம். நடுத்தரமா இருக்கட்டும். முக்கியமா, நம்ம கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்க முடியணும். தெரிஞ்சுதா?"

மெத்தைக்காரருக்குப் பொறி தட்டியது.

கடைக்காரர் ஒரு கேமராவை எடுத்து வைத்தார். "நடுத்தர விலை சார். எந்தக் கம்ப்யூட்டர்ல சொருகினாலும் படம் வந்துடும்."

"பழசுலயும் வந்துடுமா?"

"ஜோரா வரும்."

"அப்ப வேணாம். பக்கத்துல இருக்கே, அது?"

"அதுவும் அதே விலைதான். ஆனா புதுக் கம்ப்யூட்டரோடதான் பேசும். பழசோட பேசாது."

"பேசவே பேசாதா?"

"பேசாது சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாளைக்குத் திடீர்னு பேசிடப் போகுது."

"பேசிச்சுன்னா கொண்டாங்க சார், பணத்தத் திருப்பித் தந்துடறேன்," என்றார் கடைக்காரர். வியாபாரத்தில் இப்படி ஓர் உத்தரவாதத்தை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை.

"கட்டுங்க!" என்றார் மெத்தைக்காரர்.

மகள் கிளம்பிய நாளில் அவர் கண்ணிலிருந்து கேமரா இறங்கவில்லை. பெட்டி அடுக்கும்போது ஒரு படம், செருப்பு மாட்டும்போது ஒரு படம். பஸ் நகர்ந்ததும் மகள் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு கையாட்டினாள். மெத்தைக்காரர் கையாட்டவில்லை. கை பட்டனை அழுத்திக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தபோது பஸ் வளைவில் திரும்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து கேமராவைக் கம்ப்யூட்டரில் சொருகினார். கடைக்காரர் வாக்குத் தவறவில்லை. இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை.

"அடடா!" என்று தலையில் கைவைத்தார். "கேமரா அருமையான கேமரா. இந்தக் கிழத்துக்குத்தான் ஒத்துவரல. புதுசா ஒரு கம்ப்யூட்டர் வாங்கினாத்தான் பிள்ளை முகத்தப் பாக்கலாம் போலிருக்கு."

"ஒத்துவரலையா?"

"சுத்தமா ஒத்துவரல."

"ஒத்துவராததோட நான் இத்தன வருஷம் குடித்தனம் பண்ணலையா?" என்றார் மனைவி. பிறகு கொஞ்சம் யோசித்து, "சரி, எடுத்து வைங்க. பணம் சேத்து வாங்கிடலாம்," என்றார்.

ஜெயித்தாயிற்று! பகலெல்லாம் தொழிலுக்காகப் படுக்கிறவருக்கு அன்று சந்தோஷத்தில் படுக்கவே தோன்றவில்லை.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. மகளின் அறை காலியாகக் கிடந்தது. சாப்பாட்டு மேஜையில் யாரும் அவரைக் கிண்டல் செய்யவில்லை. கேமராவின் முதுகில் தபால்தலை அளவுக்கு ஒரு திரை உண்டு. அதில் மகளின் கடைசிப் படத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். பல் தெரிந்தது. 'சிரிச்சுக்கிட்டே போயிருக்கா பாரு! அப்பாவ விட்டுப் போறோமேன்னு ஒரு வருத்தம் உண்டா?' என்று மனசு சுருங்கியது. மகள் போனில் கூப்பிட்டால், "ம்... சாப்ட்டேன்... அம்மாகிட்டத் தரேன்," என்பதோடு முடித்துக்கொண்டார்.

பெரிதாகப் பார்க்கலாம் என்றால் வழியில்லை. ஒத்துவராது என்று சொன்னது அவரேதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது மழைக்குக் கத்தியது. இவர் சதுரங்கத்துக்குக் கத்தினார்.

கடைசியில் ஒருநாள் மனசு தாங்கவில்லை. உண்மையைச் சொல்லி, திட்டு வாங்கி, கேமராவை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தார். அரைநாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அவருடைய நாற்காலியில் மனைவி. கிழட்டுக் கம்ப்யூட்டரின் திரை முழுக்க மகளின் முகம்.

"இது... இது எப்படி?"

"கேமராவ மாத்திக் கேக்கலாம்னு கடைக்குப் போனேன். பேசாத கேமராவாப் பாத்துக் கேட்டு வாங்கினாரே, அவர் வீடாம்மான்னு கடைக்காரர் விசாரிச்சார். அப்புறம் விரல் நீளத்துக்கு இத ஒண்ணு குடுத்தார். கேமராவுக்குள்ள இருக்கிற கார்டக் கழட்டி இதுல போட்டுச் சொருகினா எந்தக் கிழமும் பேசுமாம்."

"எப்பப் போன?"

"அவ ஊருக்குப் போன மறுநாளே."

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"நீங்களாச் சொல்றீங்களான்னு பாத்தேன்."

மெத்தைக்காரர் திரைக்குக் கிட்டே போய்க் குனிந்தார். கண் திரையை விட்டு அகலவில்லை. மகள் சிரிக்கவில்லை. கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பல்தான் தபால்தலையில் சிரிப்பாகத் தெரிந்திருக்கிறது. கன்னமெல்லாம் ஈரம்.

"அழுதிருக்காளே!" என்றார்.

"அழாம? அப்பா அந்தக் கேமராவ எறக்கிட்டு ஒரு தடவ மூஞ்சியப் பாக்க மாட்டாரான்னு பாத்துக்கிட்டே போச்சு பிள்ளை."

இந்தப் பெண்ணிடமா போனில் 'ம்' கொட்டினோம் என்று நினைத்தார். சதுரங்கமும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம், அவளை நேரில் பார்த்தால் போதும் என்றிருந்தது.

"கம்ப்யூட்டருக்குன்னு சேத்தியே, அதுல டிக்கெட் வாங்கிடு. போய்ப் பாத்துட்டு வந்துடலாம்," என்றார்.

"நேத்தே வாங்கிட்டேன். வெள்ளிக்கிழமை கிளம்பணும்."

"ரொம்ப நல்லதாப் போச்சு! நான் லீவு சொல்லிடறேன்."

"உங்களுக்கு எதுக்கு லீவு? ஒரு டிக்கெட்டுக்குத்தான் காசு இருந்துச்சு."

மெத்தைக்காரர் கேட்கவேண்டிய மன்னிப்பு இரண்டு பேரிடம் பாக்கி இருந்தது. மனைவியிடம் கேட்டால் மகிழ்ச்சியாகக் கொடுப்பார், அதோடு நாலு வார்த்தையும் கொடுப்பார்.

"சரி, நீயாவது போயிட்டு வா," என்றார். "கேமராவ எடுத்துட்டுப் போ. அவ சிரிக்கிற மாதிரி நாலு படம் எடுத்து அந்தக் கார்டத் தபால்ல அனுப்பு. நான் இங்க உக்காந்து பாத்துக்கறேன்."

மனைவி அந்த விரல் நீளச் சாமானைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டு மூடினார்.

"அனுப்பலாந்தாங்க. ஆனா நம்ம கம்ப்யூட்டருக்குத்தான் ஒத்துவராதே!"